நாற்பதுக்கு மேல் பத்தாம் வகுப்புத் தேர்வு: மனப்பாடம் ஏறாது என்பது உண்மையா?

தக்கலைத் தம்பி கேட்டது, ஜனவரி 6

"அம்மாவுக்கு 46 வயசு. எட்டாம் வகுப்போடு நின்றவர். இந்த முறை தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து வாசிக்கிறார். மறுநாள் கேட்டால் பாதி நினைவில்லை. நாற்பது தாண்டினால் மனப்பாடம் ஏறாது, அதுதான் உண்மை. அதனால் 35 வாங்குவதற்கு மட்டும் ஏதாவது குறுக்கு வழி இருந்தால் சொல்லுங்கள்."

ஜனவரி 6, இரவு

தம்பி, ஏறாது என்று அம்மா காதுபட ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள்.

நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு. அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய், கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு பத்தாம் வகுப்பு எழுதித் தேறினேன், அப்புறம் பன்னிரண்டும். இப்போது சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர் கூடிப் படிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா செய்வது வாசிப்பு. தேர்வு கேட்பது எழுத்து. பெரியவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாடத்தை நாலு தடவை வாசித்தால் வரிகள் பழகிவிடும், பழகியதும் தெரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் புத்தகம் இல்லாமல் கேட்டால்தான் குட்டு உடையும்.

நாளைக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வியின் விடையை இரண்டு தடவை நிதானமாக வாசிக்கட்டும். புத்தகத்தை மூடி, கையெட்டாத இடத்தில் வைக்கட்டும். பழைய தாளின் பின்பக்கம் நினைவில் இருப்பதை எழுதட்டும், இரண்டு வரி வந்தாலும் போதும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் அந்தத் தாளிலேயே எழுதட்டும். மறுநாள் காலையில் வாசிக்காமல், முதலில் எழுதிவிட்டு அப்புறம் பார்க்கட்டும். சிவப்பு குறைந்துகொண்டே வருவதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

குறுக்கு வழி கேட்டீர்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

ஜனவரி 7

நேற்று எழுதியதை மகளுக்கு அனுப்பினேன். அவள் பி.எட். முடித்தவள். "அம்மா, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்று விவரம் சொன்னாள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு பேர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்ன உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் மறுபடியும் வாசித்தார்கள், இன்னொரு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள்தான் முன்னால்: 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். வாசித்தவர்களுக்கு நின்றது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

தம்பி, இதில் உங்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. அம்மா ராத்திரி மூடி வைக்கும்போது எல்லாம் தெரியும் என்று நினைத்துப் படுப்பதற்குக் காரணம் அந்த ஐந்து நிமிடக் கணக்கு. இன்னொன்று, அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அந்த வயசிலேயே வெறுமனே வாசித்தது ஒரு வாரத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது என்றால், அம்மாவுக்குப் போவதை வயசின் தலையில் எதற்குக் கட்ட வேண்டும்?

ஜனவரி 11

கை.

மூளையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். தேர்வறையில் பெரியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கை. வருஷக்கணக்காகக் கையெழுத்தும் கடைக் கணக்கும் மட்டும் எழுதிய விரல், திடீரென்று மூன்று மணி நேரம் எழுதச் சொன்னால் என்ன செய்யும்?

எங்கள் திண்ணைக்கு வரும் ஒரு அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அவர் கையின் பலம் ஊருக்கே தெரியும். அவர் பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதினால் கட்டைவிரல் மரத்துவிடும், ஏனென்றால் பால்கத்தியைப் பிடிக்கிற அதே இறுக்கத்தில் பேனாவையும் பிடித்தார். எழுத்து தாளின் மறுபக்கம் புடைத்துத் தெரியும். அவருக்கு நான் பாடம் எதுவும் சொல்லவில்லை. பேனாவை மாற்றச் சொன்னேன்: கொஞ்சம் தடித்த உடம்பு, மை தாராளமாக ஓடுவது. தினமும் ராத்திரி பத்து நிமிடம் எதையாவது பார்த்து எழுதச் சொன்னேன், பாடம் என்றில்லை, செய்தித்தாளானாலும் சரி. பத்து பதினைந்தாகி, அரை மணி நேரமாகி, கை தானாக இளகியது.

முந்திரி உடைக்கிற பெண்களுக்கு வேறு பாடு. ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்துத் தோல் உரியும். பேனா வழுக்கும், தாளில் கறை படும். தேர்வுக்கு முந்தின வாரம் வேலையிலிருந்து விடுப்பு கிடைத்தால் எடுத்துவிடுங்கள். படிப்பதற்காகக் கேட்கவில்லை, கை ஆறட்டும் என்றுதான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நல்ல வெயில் காலத்தில் வருகிறது. நம்மூர்க் கடல்காற்று வகுப்பறைக்குள் வராது. எழுதும் கையின் அடியில் வேர்த்து, தாள் நனைந்து, மை கலையும். ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து மணிக்கட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டு எழுதுங்கள். எழுத்து எதுவும் இல்லாத வெறும் துணியாக இருக்கட்டும், அதையும் கண்காணிப்பாளரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

ஜனவரி 19

இப்போது கணக்கு. "கணக்கு மட்டும் வராது அக்கா" என்று சொல்லாத ஆளே கிடையாது.

வினாத்தாளின் உருவத்தை முதலில் மனசில் வாங்குங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, அத்தனையும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், 28ஆவது கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10, அதில் 42ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு: ஒன்று வடிவியல் வரைவது, ஒன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' இருக்கும். மொத்தம் 100, தேற 35.

கூட்டிப் பாருங்கள். ஒரு மதிப்பெண் 14, கடைசி இரண்டும் சேர்த்து 16. ஆக 30. அதற்கு மேல் இரண்டு மதிப்பெண்ணில் மூன்று சரியாக வந்தால் 36. இது நூலிழைத் தேர்ச்சி, இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆனால் பயத்தோடு வருகிறவருக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், முகத்தில் தெளிவு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வடிவியலும் வரைபடமும் பெரியவர்களுக்கு ஏற்ற பகுதி என்பேன். தையல் தெரிந்தவர், கொத்தனார், தச்சு வேலை செய்கிறவர் எல்லாம் அளந்து கோடு போடுவதில் கை தேர்ந்தவர்கள். எங்கள் கூட்டத்தில் ரவிக்கை தைக்கிற மைனி ஒருவர் உண்டு. வடிவொத்த முக்கோணத்தைக் காம்பசில் அவர் வரைவதைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அவருக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில்: உதவிப்படம், வரைமுறை, எந்தப் புள்ளிக்கு என்ன பெயர், இதையெல்லாம் எழுதாமல் படத்தை மட்டும் அழகாக வரைந்து வைப்பார். வரைபடத்திலும் அப்படித்தான், அச்சுகளின் பெயரும் அளவுத்திட்டமும் எழுதாமல் விட்டால் செய்த வேலைக்கு முழுக்கூலி கிடைக்காது. பென்சிலைச் சீவி நாலு கொண்டு போங்கள்.

பெருக்கல் வாய்பாட்டை 12 வரை தடுமாறாமல் சொல்லும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். செல்போனில் கால்குலேட்டர் பார்த்துப் பழகிவிட்டோம், அறைக்குள் அது வராது.

ஜனவரி 20

நேற்று விட்டது: அறிவியல். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20 எடுக்க வேண்டும், செய்முறையில் 15. முதல் தடவையாக நேரடியாக எழுதும் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிந்து, வகுப்புக்கும் போக வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பித்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. தம்பி, அம்மா பதிந்தாரா என்று இன்றைக்கே பாருங்கள்.

பிப்ரவரி 2

குளச்சலிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "படிப்பதைவிட, படிக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிவதுதான் கஷ்டம்." இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் எல்லாரும் படித்த ஊரில், படிக்காமல் விட்டவர் எங்கே போய் ஒளிவது? கல்யாண வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தியின் மகன் வளைகுடாவில் இன்ஜினியர். "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்ற கேள்வி வரும்போது பந்தியில் பரிமாறப் போகிற மாதிரி எழுந்துபோன பெண்களை எனக்குத் தெரியும்.

இந்த வெட்கம் தேர்வறைக்குள்ளும் வருகிறது. தெளிவாக அச்சாகாத சொல்லைக் கண்காணிப்பாளரிடம் கேட்கத் தயங்குவது, கூடுதல் தாள் வேண்டும் என்று எழுந்து கேட்கக் கூசுவது, பக்கத்தில் இருக்கும் பதினாறு வயசுப் பையன் வேகமாக எழுதுவதைப் பார்த்துக் கை நடுங்குவது. அந்தப் பையனும் பெரும்பாலும் போன தடவை விட்டதை எழுத வந்தவன்தான், அவனுக்கும் பயம் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். 2018இல், 96 வயசில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் 100க்கு 98 வாங்கினார். கொல்லத்தில் பாகீரதி அம்மா 105 வயசில் நாலாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார். இருவருக்கும் பெண்களுக்கான மத்திய அரசு விருதான நாரி சக்தி விருது கொடுத்தார்கள். குளச்சல் அக்கா, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாள் என்று அவர்கள் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்களாகவே நாளைக்குப் போய் "நான் பரீட்சை எழுதப் போறேன், உன் மகள் பழைய புத்தகம் இருந்தா தா" என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் புத்தகம் கிடைத்திருக்கிறது, கூடவே "எனக்கும் எழுதணும்னு ஆசைதான்" என்ற பதிலும்.

பிப்ரவரி 9

சமூக அறிவியலில் பெரியவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த பாடம் வரும்போதுதான் விழுவோம்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்கள் பாடத்தில் வைகுண்ட சுவாமிகள் வருகிறார். அவருடைய பதி இருக்கும் சாமிதோப்பு நமக்கு எட்டும் தூரம். எங்கள் கூட்டத்தில் ஒரு சித்தி பிறந்ததிலிருந்து அங்கே போய்வருகிறவர். மாதிரித் தேர்வில் அந்தக் கேள்வி வந்ததும் மூன்று பக்கம் எழுதினார். பாட்டி சொன்ன கதை, திருவிழா, கொடியேற்று, முத்திரிக்கிணறு, எல்லாம் இருந்தது. வாசித்து எனக்கே கண் கலங்கியது. ஆனால் விடைக்குறிப்பு எதிர்பார்க்கிறது வேறு: 1809இல் பிறந்தார், சமத்துவ சமாஜம் அமைத்தார், சாதி பேதம் களையச் சமபந்தி விருந்து நடத்தினார், ஆண்களைத் தலைப்பாகை அணியச் சொன்னார், இப்படிக் குறிப்புக் குறிப்பாக. சித்தியின் மூன்று பக்கத்தில் இவற்றில் இரண்டுதான் தட்டுப்பட்டது. திருத்துகிறவர் கட்டுக்கட்டாகத் தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணுக்குக் குறிப்பு பட்டால்தான் மதிப்பெண்.

இதற்காக உங்களுக்குத் தெரிந்ததைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தெரிந்தது நினைவுக்கு ஆணி மாதிரி, புத்தகத்துக் குறிப்பை அதில் மாட்டுங்கள். சாமிதோப்புப் பந்தியை நினைத்தால் சமபந்தி வரும், தலைப்பாகையோடு நிற்கும் ஆண்களை நினைத்தால் அந்தக் குறிப்பு வரும். தாளில் எழுதும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, ஒவ்வொன்றும் ஒரு வரி. சித்தி இப்போது அப்படித்தான் எழுதுகிறார். மூன்று பக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன், பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும்.

பிப்ரவரி 10

இதே வகையில் இன்னொன்று, தமிழ்த்தாளில். கடிதம் எழுதுவதும் படிவம் நிரப்புவதும் நமக்குக் கைவந்த வேலை. வங்கியிலும் ரேஷன் அட்டைக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கும் எத்தனை படிவம் நிரப்பியிருப்போம். இந்த மதிப்பெண்கள் கையில் இருப்பவை, விடாதீர்கள். ஆனால் பழக்க தோஷத்தில் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிவிடக் கூடாது. விடைத்தாளில் ஆளை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கேள்வியில் கொடுத்த பெயரை எழுதுங்கள், கொடுக்காவிட்டால் அ.ஆ.இ. என்று போடுங்கள்.

பிப்ரவரி 16

வீட்டில் முழுத்தேர்வு எழுதிப் பார்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் இதுதான் முக்கியமான ஒத்திகை, பாடம் முடியவில்லை என்றாலும் எழுதுங்கள்.

உண்மைத் தேர்வின் நேரத்தையே வையுங்கள். 10 மணிக்குத் தாள் கையில் வரும், பத்து நிமிடம் வாசிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க. 10.15க்கு எழுதத் தொடங்கினால் 1.15க்கு முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் எழுதப்போகும் கேள்விகளை மனசுக்குள் பொறுக்கிவிட வேண்டும். இளம்பிள்ளைகள் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள். நமக்கு அது தங்கம்.

வீட்டில் மூன்று மணி நேரம் யார் விடுவார்கள் என்பது சரியான கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் கண்காணிப்பாளராகப் போட்டார். அவன் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்கேலோடு வாசலில் நின்றான். "சாயா எங்கே" என்று கேட்டு வந்த தாத்தாவை "ஹால் டிக்கெட் காட்டுங்க" என்று நிறுத்திவிட்டான். தாத்தா அன்றைக்குத் தானே சாயா போடக் கற்றுக்கொண்டார். அக்காவுக்கு மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைத்தது.

உட்காரும் இடமும் உண்மை மாதிரி இருக்கட்டும். மெத்தை வைத்த நாற்காலியில் எழுதிப் பழகிவிட்டு, பள்ளிக்கூட பெஞ்சில் போய் உட்கார்ந்தால் இரண்டாவது மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். அரை மணிக்கொரு தரம் காலைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, விரல்களை விரித்து மடக்குங்கள். அரை நிமிடம் போதும்.

கண்ணாடி: நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவது சகஜம். படிப்பு ஏறவில்லை என்று வந்த ஒரு மாமிக்குக் கண்ணாடி மாற்றியதும் பாதி நோய் தீர்ந்தது. பழைய கண்ணாடியையும் பையில் வையுங்கள்.

சாப்பாடு: களியக்காவிளையிலிருந்தோ பேச்சிப்பாறையிலிருந்தோ ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர் ஆறரைக்கே சாப்பிட வேண்டியிருக்கும். அப்புறம் ஒன்றேகால் வரை எதுவும் கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள், ஒத்திகை நாளிலும் அதே நேரத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் புட்டும் பயறும் போதும். பரீட்சை அன்று புதிதாக எதுவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம்.

பிப்ரவரி 27

"ஒரு மதிப்பெண் கேள்வியில் முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே" என்று எங்கள் காலத்து வாத்தியார்கள் எல்லாரும் சொல்வார்கள். நானும் திண்ணையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் அதற்கும் ஒரு ஆய்வு கொண்டுவந்தாள்.

2005இல் க்ரூகர் என்பவரும் கூட்டாளிகளும் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணியிருக்கிறார்கள். மாற்றியதில் 51 சதவீதம் தவற்றிலிருந்து சரிக்குப் போனது. சரியிலிருந்து தவற்றுக்குப் போனது 25 சதவீதம்தான். மீதி தவற்றிலிருந்து இன்னொரு தவறு. அப்படியானால் மாற்றக் கூடாது என்ற நம்பிக்கை ஏன் இத்தனை பலமாக நிற்கிறது? சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தால் மனசு வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டும். மாற்றிக் காப்பாற்றியதை அன்றைக்கே மறந்துவிடும்.

அதனால் இனி என் பேச்சு இது: காரணம் இருந்தால் மாற்றுங்கள். கேள்வியில் 'அல்லாதது எது', 'பொருந்தாதது எது' என்றிருந்ததை முதலில் கவனிக்கவில்லை, இப்போது கண்ணில் பட்டது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வெறும் பயத்தில் கை அரித்தால் விட்டுவிடுங்கள்.

பத்தாம் வகுப்பில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கிற வழக்கம் இல்லை. ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது. எழுதும்போது குறியீட்டு எழுத்தையும் விடையையும் சேர்த்தே எழுதுங்கள்.

மார்ச் 2

ஆங்கிலம் பற்றி எழுதவே இல்லையே என்று தக்கலைத் தம்பி கேட்கிறார். அம்மாவுக்கு அதுதான் பெரிய பயமாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். மனப்பாடப் பாடல் ஒன்றைப் பிழையில்லாமல், நிறுத்தற்குறி உட்பட எழுதிப் பழகட்டும். படத்தைப் பார்த்து விடையளிப்பது, வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள், இவற்றுக்கெல்லாம் விடை தாளிலேயே இருக்கிறது. பத்தி முழுக்கப் புரிய வேண்டும் என்று நிற்க வேண்டாம். கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் வாக்கியத்தைப் பார்த்து எழுதினாலே பெரும்பாலும் ஒத்துவரும். வழி சொல்வதற்கு 'இடப்பக்கம் திரும்பு', 'நேரே போ' என்ற அளவில் ஆறேழு வாக்கியம் போதும். வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கியவருக்கு வீட்டுக்கு வழி சொல்வதாக நினைத்துத் தினம் ஒரு தரம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் 3

எந்த வரிசையில் எழுதுவது என்பதில் எனக்கு ஒரு மறுயோசனை. ஒரு மதிப்பெண்ணில் தொடங்கி வரிசையாகப் போவதுதான் இங்கே எல்லாருக்கும் பழக்கம், மற்றத் தாள்களுக்கு அது சரி. கணக்குக்கு மட்டும், ஒரு மதிப்பெண் முடித்த கையோடு வடிவியலையும் வரைபடத்தையும் போட்டுவிடுங்கள் என்பேன். கண்ணும் கையும் தெளிவாக இருக்கும் முதல் மணி நேரத்திலேயே அந்த 16 உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இருபது நிமிடத்தில் வேர்த்த கையோடு காம்பசைப் பிடித்து ஊசி நழுவியதைக் கண்டிருக்கிறேன். கேள்வி எண்ணை மட்டும் சரியாகப் போடுங்கள், வரிசை மாறினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ரப்பர் வெட்டும் அண்ணன் இதை ஏற்கவில்லை. "எனக்கு இரண்டு மதிப்பெண் போட்டு மனசு சூடாகணும், அப்புறம்தான் கோடு நேரா வரும்" என்கிறார். சரி, அவர் ஒத்திகையில் இரண்டு விதமும் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார். நீங்களும் இரண்டையும் வீட்டில் போட்டுப் பாருங்கள், அறைக்குள் போய்ச் சோதிக்க வேண்டாம்.

மார்ச் 8

குலசேகரத்திலிருந்து ஒரு தங்கை: "நான் பத்து தேறிவிட்டேன், குரூப் 4க்குப் படிக்கிறேன். அதற்கும் இதே முறைதானா?"

படிக்கும் முறை அதேதான், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது. தேர்வறை வேறு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் 100 தமிழ், அதில் 150க்கு 60 எடுத்தால்தான் மற்றப் பகுதியையே திருத்துவார்கள். தமிழைப் பின்னால் தள்ளிவிட்டுப் பொது அறிவையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம் இருக்கும். ஐந்தாவது 'விடை தெரியவில்லை'. தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால், ஒன்றும் தெரியாவிட்டாலும் முதல் நாலில் ஒன்றை நிழலிடுவது லாபம். நாலில் இரண்டை ஆகாது என்று தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் இதை அங்கே கொண்டுபோகாதீர்கள், அங்கே தவறுக்குக் கால் பங்கு போகும்.

பெரியவர்களுக்கு அந்த விடைத்தாளில் வரி தாண்டிவிடும் ஆபத்து உண்டு. 57ஆவது கேள்வியின் விடையை 58இல் நிழலிட்டால் அங்கிருந்து எல்லாம் சரியும். வினாத்தொகுப்பின் ஓரத்தையே விடைத்தாளில் அந்தந்த வரிக்குக் கீழே வைத்து இறக்கிக்கொண்டே வாருங்கள். பத்துக் கேள்விக்கு ஒரு தரம் எண்ணைச் சரிபாருங்கள். கறுப்புப் பந்துமுனைப் பேனாதான், அழிக்க முடியாது. அதனால் மாற்றுவது பற்றி மேலே பிப்ரவரி 27இல் சொன்னதெல்லாம் இங்கே நிழலிடுவதற்கு முன்னாலேயே மனசுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மார்ச் 9

தக்கலைத் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அம்மா எழுதிய தாள், தேதி போட்டு அடுக்கி வைத்தது. ஜனவரித் தாளில் சிவப்பு மை பாதிப் பக்கம். கடைசித் தாளில் இரண்டு சொல். "ஏறாது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மா சொல்லவே இல்லை" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அந்தத் தாள்களைத்தான் கடைசி நாட்களில் அம்மா பார்க்க வேண்டும், சிவப்பில் உள்ளதை மட்டும். புதிதாக ஒரு பாடமும் இனி எடுக்க வேண்டாம்.

மார்ச் 10

கடைசியாகச் சில கேள்விகளுக்குப் பதில்.

ஒரு பாடம் போய்விட்டால்? தேறிய பாடங்கள் அப்படியே நிற்கும். போனதை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம், அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வந்ததும் விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள், குறுகிய நாள்தான் கொடுப்பார்கள்.

மையம் தூரமாக இருந்தால்? முதல் நாளே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த பஸ், எங்கே இறங்குவது, கழிப்பறை எந்தப் பக்கம், எல்லாம் தெரிந்துவிட்டால் மறுநாள் பாதிப் பதற்றம் இல்லை.

ஒவ்வொரு தாளும் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள் தம்பி. சாப்பாடு போட்டுக் கொடுங்கள், ஒரு மணி நேரம் படுக்கட்டும், அப்புறம் அடுத்த தாளின் சிவப்பு வரிகள். எல்லாத் தாளும் முடிந்த பிறகு வினாத்தாள்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும். மே மாதம் திண்ணையில் புதிதாக ஏழெட்டுப் பேர் சேருகிறார்கள், அவர்களுக்கு முதல் ஒத்திகைக்கு அந்தத் தாள்களைத்தான் கொடுக்கப் போகிறேன்.